இரண்டு பக்கமும் மேற்கு

ரயில் நிலையங்களைப் பற்றி எனக்கு ஒரு பலவீனம் உண்டு. புதிய ஊருக்குப் போனால் கூட வந்தவர்கள் கோயிலையும் கோட்டையையும் பார்க்கக் கிளம்புவார்கள். நான் ஸ்டேஷனில் காலியாக ஒரு பெஞ்சி கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். கதை எழுதுகிறவனுக்கு அதைவிட லாபமான இடம் வேறு கிடையாது என்பது என் அபிப்பிராயம். இந்தப் பலவீனத்தை எப்படியோ தெரிந்துகொண்டுவிட்டார், பெர்லினில் என்னைக் கவனித்துக்கொண்ட அந்த யாழ்ப்பாணத்து அன்பர். ஓர் இலக்கியக் கூட்டத்துக்காகச் சில வருஷங்களுக்கு முன் நான் அங்கே போயிருந்தேன். கூட்டம் முடிந்த மறுநாள் காலையில் அவர் வந்து, "தம்பி, மியூசியமெல்லாம் பிறகு பாக்கலாம். முதல்லை உங்களுக்கு ஒரு ஸ்டேஷன் காட்டுறன், வாங்கோ" என்று அழைத்துக்கொண்டு போனார்.

அறுபதை நெருங்கும் மனிதர். தலை முழுக்க நரைத்திருந்தது; நடை மட்டும் வாலிபனுடையது. நான் அவரை "அண்ணா" என்று அழைத்தேன். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆகவே இந்தக் கட்டுரையிலும் அவர் அண்ணாவாகவே இருக்கட்டும்.

அந்த ஸ்டேஷனின் பெயரை ஜெர்மானியர்கள் உச்சரிப்பதுபோல் உச்சரிக்க நான் இரண்டு நாள் முயன்று பார்த்தேன். "ஃப்ரீட்ரிஷ் ஷ்ட்ராஸே" என்று எழுதினால் ஓரளவு கிட்டத்தில் வரும். பிரெடரிக் வீதி என்று அர்த்தம். பிரஷ்யாவின் முதல் அரசனுடைய பெயர் அது. நாக்குச் சுளுக்காமல் இருக்க இனிமேல் பிரெடரிக் வீதி என்றே எழுதிவிடுகிறேன்.

ஷ்ப்ரே நதிக்குத் தென்கரையில், நதியை ஒட்டினாற்போல் நிற்கிறது ஸ்டேஷன். மேலே, செங்கல் வளைவுகளின்மீது கிழக்கு மேற்காக ரயில் ஓடுகிறது. தரைக்கு அடியில் வடக்கு தெற்காக இரண்டு சுரங்கப் பாதைகள், இரண்டும் தனித்தனி. ஒன்று எஸ்-பான் என்ற நகர ரயிலுடையது. மற்றது யூ-பான் என்ற சுரங்க ரயிலுடையது. மேலே இறங்கியவர் படிகளில் இறங்கிக் கீழே போவதும், கீழே வந்தவர் ஏறி மேலே போவதுமாக நாள் முழுவதும் ஜனங்கள் ஓடுகிறார்கள். ரொட்டிக் கடை, பூக்கடை, மருந்துக் கடை. அவசர அவசரமாகக் காப்பிக் கோப்பையைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடும் பெண்கள். எந்தப் பெரிய நகரத்திலும் இருக்கக்கூடிய ஒரு ஜங்ஷன்தான். "இதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, அண்ணா?" என்று வாய்வரை வந்துவிட்டது. நல்லவேளை, கேட்கவில்லை.

மேலே ஓடும் பாதை 1882-ஆம் வருஷம் பிப்ரவரியில் திறக்கப்பட்டது. நகரத்தின் நடுவே சுமார் 12 கிலோ மீட்டர் தூரத்துக்கு வளைவுகளைக் கட்டி அதன்மேல் ரயில் விட்டார்கள். அந்தக் காலத்தில் அது பெரிய விந்தை. இரண்டாவது மாடியில் குடியிருந்தவர்கள் தங்கள் ஜன்னலுக்கு நேரே புகை வண்டி போவதைக் கண்டு முதலில் திகைத்திருப்பார்கள். பிறகு திரைச்சீலை வாங்கியிருப்பார்கள். 1923-இல் கீழே யூ-பான் வந்தது. 1936-இல் எஸ்-பான் சுரங்கமும் வந்து சேர்ந்தது. அந்த வருஷம் ஒலிம்பிக் பந்தயங்கள் பெர்லினில் நடந்தன. உலகத்தார் வருவதற்குள் சுரங்கத்தைத் திறந்துவிட வேண்டும் என்று ஹிட்லரின் சர்க்கார் அவசரப்பட்டது. மணற்பாங்கான பூமி, தோண்டினால் தண்ணீர் வரும் ஊர். 1935 ஆகஸ்டில் பிராண்டன்பர்க் வாசலுக்கு அருகே பள்ளத்தின் பக்கச் சுவர் சரிந்து 19 தொழிலாளர்கள் மாண்டுபோனார்கள். இருந்தாலும் பந்தயத்துக்கு முன் ரயில் ஓடியது.

ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு சிலை இருக்கிறது. அதைத் தாண்டி உள்ளே போக அண்ணா என்னை விடவில்லை. ஒரு பையனும் ஒரு பெண்ணும் பெட்டியோடு ஒரு திசை பார்த்து நிற்கிறார்கள். அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேறு ஐந்து குழந்தைகள் எதிர்த் திசை பார்த்து நிற்கிறார்கள். 1938 டிசம்பரிலிருந்து யுத்தம் தொடங்கிய 1939 செப்டம்பர் வரையில், நாஜிகளிடமிருந்து தப்புவிக்கப்பட்டு, பெற்றோர் இல்லாமல் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்த குழந்தைகள் ஏறக்குறைய 10,000 பேர். பெரும்பாலும் யூதக் குழந்தைகள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு வழி இந்த ஸ்டேஷன். அந்த இரண்டு பேர் பிழைத்தவர்கள். ஐந்து பேர் வதை முகாம்களுக்குப் போன ரயில்களில் ஏற்றப்பட்டவர்கள். சிலையைச் செய்த ஃபிராங்க் மைஸ்லரும் 1939-இல் டான்ஸிக் நகரிலிருந்து அப்படி அனுப்பப்பட்ட ஒரு சிறுவன்தான். 2008-இல் இந்தச் சிலையை வைத்தார்கள். நாங்கள் போன அன்று யாரோ அந்தப் பெண் குழந்தையின் கையில் ஒரு வெள்ளைப் பூவைச் செருகிவிட்டுப் போயிருந்தார்கள்.

யுத்தம் இந்த ஸ்டேஷனை எப்படி முடித்து வைத்தது என்பது தனிக் கதை. 1945 மே மாதத் தொடக்கத்தில், சோவியத் படைகள் நகரத்துக்குள் புகுந்திருந்த சமயத்தில், தெற்கே லாண்ட்வேர் கால்வாய்க்கு அடியில் சுரங்கத்தின் கூரையை வெடி வைத்துத் தகர்த்தார்கள். யார் செய்தது, எந்த நாளில் செய்தது என்று சரித்திர ஆசிரியர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். கால்வாய்த் தண்ணீர் எஸ்-பான் சுரங்கத்தில் பாய்ந்தது. பாய்ந்த தண்ணீர் பிரெடரிக் வீதி ஸ்டேஷனுக்கு வந்ததும் அங்கே ஒரு சௌகரியத்தைக் கண்டது: பிரயாணிகள் ஒரு ரயிலிலிருந்து மற்ற ரயிலுக்கு மாறுவதற்காகக் கட்டிய நடைவழி! அதன் வழியாக யூ-பானுக்கும் மாறிக்கொண்டு நகரத்தின் சுரங்கங்களையெல்லாம் நிரப்பிவிட்டது. சுரங்கத்தில் ஒளிந்திருந்த ஆயிரக்கணக்கானவர்கள் மூழ்கிப்போனார்கள் என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தண்ணீரை இறைத்துப் பார்த்தபோது கிடைத்த சடலங்கள் அதைவிட மிகவும் குறைவு. அவற்றிலும் பல முன்னமே வேறு வகையில் இறந்தவர்களுடையவை. முழுப் பாதையிலும் ரயில் மறுபடி ஓட 1947 ஆகிவிட்டது.

தோற்ற நகரத்தை நான்கு வல்லரசுகள் நான்கு துண்டாகப் பங்கு போட்டுக்கொண்டதும், மூன்று துண்டு மேற்கு பெர்லினாகவும் ஒரு துண்டு கிழக்கு பெர்லினாகவும் ஆனதும் வாசகர்கள் அறிந்ததுதான். ஆனால் ரயிலைத் துண்டு போட யாருக்கும் தோன்றவில்லை. கிழக்கே ஒருவர் டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறினால் சில நிமிஷங்களில் மேற்கே இறங்கிவிடலாம். இறங்கியவர்களில் பலர் திரும்பி வரவில்லை. 1949-லிருந்து 1961 வரையில் கிழக்கு ஜெர்மனியை விட்டுப் போனவர்கள் 25 லட்சத்துக்கும் மேல். டாக்டர்கள், எஞ்சினீயர்கள், வாலிபர்கள். ஒரு தேசம் டிராம் சார்ஜ் கொடுத்துக் காலியாகிக்கொண்டிருந்தது என்று சொல்ல வேண்டும்.

1961 ஆகஸ்டு 13-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. விடிவதற்குள் கிழக்கு ஜெர்மனி சர்க்கார் எல்லை முழுவதும் முள்கம்பி போட்டுவிட்டது. விஷயம் தெரியாமல் கையில் பெட்டியோடு பிரெடரிக் வீதிக்கு வந்தவர்கள், பிளாட்பாரத்துக்குப் போகும் படிகளை ஆயுதம் தாங்கிய காவலர்கள் மறித்துக்கொண்டு நிற்பதைக் கண்டார்கள். ஒரு நாள் முன்னதாக வந்திருந்தால்! வாழ்க்கையில் ஒரு நாள் தாமதம் என்பதற்கு அந்தப் படிக்கட்டில் நின்றவர்களைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

இங்கேதான் இந்த ஸ்டேஷனின் விசித்திரம் ஆரம்பமாகிறது. கொஞ்சம் பொறுமையாக நான் சொல்வதைக் கேட்க வேண்டும். அண்ணா எனக்கு ஒரு காகிதத்தில் கோடு போட்டுத்தான் விளக்கினார்.

பிரெடரிக் வீதி இருப்பது கிழக்கு பெர்லினில். ஆனால் அதன் அடியில் போகிற இரண்டு சுரங்க ரயில்களும் மேற்கு பெர்லினுக்கு வேண்டியவை. மேற்கு பெர்லினின் வட பகுதியிலிருந்து புறப்பட்டு, கிழக்கு பெர்லினுக்கு அடியில் புகுந்து, மறுபடி மேற்கு பெர்லினின் தென் பகுதியில் வெளிப்படுகின்றன. பாகப்பிரிவினை செய்துகொண்ட அண்ணன் வீட்டுச் சமையலறைக்கு அடியில் தம்பிக்கு ஒரு நடைபாதை பாத்தியதை இருந்தால் எப்படி இருக்கும், அப்படி. அந்தப் பாதையை உபயோகிப்பதற்கு மேற்கு பெர்லின் ஆண்டுதோறும் வாடகைப் பணமும் கட்டி வந்தது.

கிழக்கு சர்க்கார் அந்தப் பாதைகளிலிருந்த தன்னுடைய நிலையங்களையெல்லாம் மூடிற்று. படிகளை அடைத்துச் சுவர் எழுப்பி, தெருவில் நடப்பவர்களுக்கு அங்கே ஒரு ஸ்டேஷன் இருந்ததே மறந்துபோகும்படி செய்துவிட்டது. ரயில் அந்த நிலையங்களில் நிற்காமல் வேகத்தைக் குறைத்துக்கொண்டு போகும். மங்கலான விளக்கு வெளிச்சம். பழைய விளம்பரங்கள் உரிந்து தொங்கும் சுவர். துப்பாக்கியோடு இரண்டு காவலர்கள். ஒருவர் ஓடிப்போகாமல் மற்றவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக இரண்டு பேர். மேற்கு பெர்லின்காரர்கள் இவற்றுக்குப் பேய் ஸ்டேஷன்கள் என்று பெயர் வைத்தார்கள். எல்லைக்கு முந்திய ஸ்டேஷனில், "மேற்கு பெர்லினின் கடைசி நிலையம்" என்று ஒலிபெருக்கியில் எச்சரிக்கை சொல்வார்கள். தினமும் ஆபீசுக்குப் போகிற குமாஸ்தா பேப்பரிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தமாட்டாராம். பேய்கூடப் பழகிவிடும் போலிருக்கிறது.

இத்தனை பேய்களுக்கு நடுவில் ஒரே ஒரு நிலையத்தில் மட்டும் அந்த ரயில்கள் நின்றன. அதுதான் பிரெடரிக் வீதி. மேற்கு பெர்லின்காரர் ஒருவர் சுரங்க ரயிலில் வந்து இறங்கி, நடைவழிகளில் நடந்து, இன்னொரு சுரங்க ரயிலுக்கோ மேலே மேற்கு நோக்கிப் புறப்படும் ரயிலுக்கோ மாறிக்கொண்டு போகலாம். பாஸ்போர்ட் வேண்டாம், யாரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள். கிழக்கு பெர்லினின் மண்ணுக்கு அடியில் நின்றாலும் அவர் கிழக்கே வந்தவர் ஆகமாட்டார். அதே கட்டடத்தில் சில கஜ தூரத்தில், மேலே இன்னொரு பிளாட்பாரத்தில், கிழக்கு பெர்லின்காரர்கள் தங்கள் ரயிலுக்காக நின்றுகொண்டிருப்பார்கள். நடுவில் மேலே எட்டும்வரை இரும்பும் ஒளி ஊடுருவாத கண்ணாடியுமாக ஒரு தடுப்பு. இந்தப் பக்கத்தில் ரயில் வருகிற சத்தம் அந்தப் பக்கம் கேட்கும். மேற்கிலிருந்து வரும் ரயிலுக்கும் அது கடைசி ஸ்டேஷன். கிழக்கிலிருந்து வரும் ரயிலுக்கும் அதுவே கடைசி ஸ்டேஷன். ஜங்ஷன் என்றால் சேருமிடம் என்று நாம் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம்.

முதல் இரண்டு வருஷங்களுக்கு மேற்கு பெர்லின்காரர்கள் கிழக்கே போகவே முடியவில்லை. 1963 கிறிஸ்துமஸுக்கு ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டு, டிசம்பர் 19-லிருந்து ஜனவரி 5 வரையில் உறவினரைப் பார்த்துவர ஒரு நாள் சீட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பதினெட்டு நாட்களில் சுமார் 12 லட்சம் தடவை ஜனங்கள் எல்லையைத் தாண்டிப் போய் வந்தார்கள் என்றால், எத்தனை தாய்மார்கள் எத்தனை பட்சணம் செய்து வைத்துக்கொண்டு காத்திருந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பனியில் மணிக்கணக்காக நிற்க வேண்டியிருந்தது. நின்றார்கள்.

1964 நவம்பரிலிருந்து கிழக்கே இருந்த வயோதிகர்கள் மேற்கே போய்வர அனுமதி கிடைத்தது. பெண்களுக்கு 60, ஆண்களுக்கு 65. அவர்கள் திரும்பி வராவிட்டால் சர்க்காருக்குப் பென்ஷன் மிச்சம். இதைக் கருணை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வருஷ முடிவிலேயே, மேற்கிலிருந்து வருகிறவர் ஒவ்வொருவரும் தினத்துக்கு இவ்வளவு என்று கட்டாயமாகப் பணம் மாற்ற வேண்டும் என்ற விதியும் வந்தது. 1980-இல் அது 25 மார்க்காக உயர்ந்தது. ஏழைப் பாட்டிகள் பேரனைப் பார்க்கும் நாட்களைக் குறைத்துக்கொண்டார்கள்.

வந்தவர்கள் திரும்பிப் போவதற்கென்று ஸ்டேஷனை ஒட்டி 1962-இல் ஒரு கண்ணாடி மண்டபம் கட்டினார்கள். கிழக்கே இருப்பவர் அதன் வாசல்வரை வழியனுப்ப வரலாம். அதற்கு அப்பால் ஓர் அடி வைக்கக்கூடாது. ஆகவே அழுகையெல்லாம் அந்த வாசலில் நடந்தது. சர்க்கார் அதற்கு ஏதோ பெயர் வைத்திருந்தது. ஊரார் வைத்த பெயர் கண்ணீர் மாளிகை. அந்தப் பெயர்தான் நிலைத்தது.

2011-லிருந்து அது ஒரு காட்சிசாலை. உள்ளே போனோம். பழைய சோதனைக் கூண்டு ஒன்றை அப்படியே வைத்திருக்கிறார்கள். ஓர் ஆள் மட்டும் நிற்கக்கூடிய மர வழி. பக்கவாட்டில் அதிகாரியின் ஜன்னல், நம் முகத்துக்குச் சற்று உயரத்தில்; நம் முதுகைப் பார்ப்பதற்காக மேலே சாய்வாக ஒரு கண்ணாடி. அதிகாரி பொத்தானை அழுத்தினால் எதிரே கதவு திறக்கும். நான் உள்ளே நுழைந்து நின்றேன். தமாஷாகத்தான் நின்றேன். பின்னால் யாரும் இல்லை, முன்னால் யாரும் இல்லை. இருந்தும் பாஸ்போர்ட்டுக்காகச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அண்ணா உள்ளே வரவில்லை. வெளியே நின்றுகொண்டு, "நான் ஒருக்கா நிண்டது போதும், தம்பி" என்றார்.

எண்பத்தைந்தாம் வருஷத்துத் தொடக்கத்தில், பத்தொன்பதாவது வயதில், அந்தக் கூண்டு வழியாகத்தான் அவர் மேற்கே வந்திருக்கிறார்.

1983 ஜூலையில் இலங்கையில் நடந்ததை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. அதற்குப் பிறகு உயிருக்குப் பயந்து கிளம்பிய தமிழ் இளைஞர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் வந்து சேர்ந்த வாசல்களில் ஒன்று இந்த ஸ்டேஷன். காரணம் ராஜரீக சாஸ்திரத்தின் ஒரு சூட்சுமம். அமெரிக்காவும் பிரிட்டனும் பிரான்சும் பெர்லின் முழுவதையும் நான்கு வல்லரசுகளின் ஒரே நகரம் என்று சொல்லி வந்தன. நகரத்துக்கு நடுவே ஓடுவது தேச எல்லை அல்ல என்பது அவர்கள் வாதம். எல்லை அல்லவென்றால் அங்கே பாஸ்போர்ட் சோதனை வைக்க முடியாது. வைத்தால் எல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகவே கிழக்கிலிருந்து வெளியே விட்டுவிட்டால், மேற்கில் தடுக்க ஆள் இல்லை. கிழக்கு ஜெர்மனியோ, தன் விமானத்தளத்தில் வந்து இறங்குகிற அயல்நாட்டாருக்குக் கடந்து போக விசா கொடுத்துக்கொண்டிருந்தது. விமான டிக்கெட் விற்றால் அந்நியச் செலாவணி வரும். மேற்கு ஜெர்மனிக்குத் தலைவலியும் வரும். இரண்டும் அதற்குப் பிடித்தமானவை.

சொந்தக் குடிமகன் தாண்டினால் சுடுகிற சர்க்கார், அதே வாசலை எங்கள் இனத்துப் பையன்களுக்குத் திறந்து வைத்திருந்தது. அன்று அந்த மண்டபத்தின் வாசலில் நின்று அழுத ஜெர்மானியப் பெண்கள், ஒரு கைப்பையோடு உள்ளே போகிற இந்தக் கறுத்த பையன்களைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்கள்? அண்ணாவிடம் கேட்டேன்.

"ஒரு மனுசி என்னைப் பாத்தது எனக்கு நல்ல ஞாபகம். அவக்கு என்னிலை கோவம் எண்டு நினைச்சன். இப்ப யோசிச்சா, கோவம் இல்லை. அவவின்ரை மகனுக்கும் என்ரை வயசாய் இருந்திருக்கும்."

மாஸ்கோ வழியாக ஷோனபெல்ட் விமானத்தளம். அங்கிருந்து நகர ரயிலில் பிரெடரிக் வீதி. அதுவரை வழி சொல்லி அனுப்பியிருந்தார்கள். கூண்டில் அதிகாரி பாஸ்போர்ட்டை மூன்று தடவை புரட்டினாராம். பொத்தான் கிர்ரென்று சத்தம் போட்டது, கதவு திறந்தது. அதற்கப்பால் படிகள், மஞ்சள் விளக்கு, ஓடு பதித்த சுவர், திரும்பத் திரும்ப நடைவழி. எங்கோ காப்பிக் கொட்டை வாசனை. இன்டர்ஷாப் என்ற அந்த சர்க்கார் கடை பிளாட்பாரத்திலேயே இருந்தது. மேற்கத்திப் பணம் கொடுத்தால் விஸ்கியும் சிகரெட்டும் வரி இல்லாமல் மலிவாகக் கிடைக்கும். அவற்றை வாங்குவதற்கென்றே ரயிலேறி வந்து அடுத்த ரயிலில் திரும்பிப் போகிற மேற்கு பெர்லின் பிரகிருதிகள் உண்டு. முதலாளித்துவத்தை ஒழிக்கப் புறப்பட்ட சர்க்கார், தரைக்கு அடியில் அதற்கு ஒரு பெட்டிக்கடை வைத்திருந்தது!

கடையைத் தாண்டி அண்ணா யூ-பான் பிளாட்பாரத்துக்கு வந்து சேர்ந்தார். பிளாட்பாரத்துக்கு இரண்டு பக்கமும் தண்டவாளம். ஒரு ரயில் வடக்கே போகும். ஒன்று தெற்கே போகும். எது எங்கே போகிறதென்று யாரும் சொல்லி அனுப்பவில்லை. தப்பான ரயிலில் ஏறினால் மறுபடியும் கிழக்கே கொண்டுபோய் விட்டுவிடுமோ என்று பயம். இரண்டு ரயில்களை விட்டுவிட்டார். மூன்றாவது ரயில் வருவதற்குள், குடித்துவிட்டு ஆடிக்கொண்டு நின்ற ஒரு கிழவனிடம் தைரியமாகப் போய், தெரிந்த இங்கிலீஷில், "எது மேற்கு?" என்று கேட்டாராம்.

"அவன் என்னை மேலையும் கீழையும் பாத்தான், தம்பி. பிறகு ரெண்டு கையையும் ரெண்டு பக்கமும் நீட்டி, இதுவும் வெஸ்ட், அதுவும் வெஸ்ட் எண்டான். எண்டுபோட்டு ஒரு சிரிப்பு. பகிடி பண்ணுறான் எண்டு எனக்கு அழுகை வந்திட்டுது."

கிழவன் சொன்னது சத்தியம். வடக்கே போனாலும் மேற்கு பெர்லின்தான். தெற்கே போனாலும் மேற்கு பெர்லின்தான். அந்தப் பிளாட்பாரத்திலிருந்து கிழக்கே போக ரயிலே கிடையாது. அண்ணா கண்ணை மூடிக்கொண்டு வந்த ரயிலில் ஏறினார். டிக்கெட் வாங்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. "அதுதான் நான் ஜெர்மனியிலை செய்த முதல் குற்றம்" என்றார்.

இந்த ஸ்டேஷனில் இப்படிப் போனவர்கள் பலவிதம். கிழக்கு ஜெர்மனியின் ரகசிய இலாகா தன் ஒற்றர்களை மேற்கே அனுப்பவும் வரவழைக்கவும் இங்கே தனி வழி வைத்திருந்தது. 1979 ஜனவரியில் அந்த இலாகாவைச் சேர்ந்த வெர்னர் ஷ்டில்லர் என்ற அதிகாரியே, தகவல்களை எடுத்துக்கொண்டு, கள்ளச் சீட்டுத் தயாரித்துக்கொண்டு, அதே வழியாக நடந்துபோய்ச் சுரங்க ரயிலேறி எதிரிகளிடம் சேர்ந்துவிட்டார். துப்பறியும் நாவல் எழுதுகிறவர்களுக்கு அவர் கதை போதும். எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை. அண்ணா அதற்குள் வேறொன்றைச் சொல்லிவிட்டிருந்தார்.

அவருக்கு ஒரு தம்பி. இரண்டு வயது இளையவன். வேலை கிடைத்ததும் அண்ணா கடன் வாங்கிப் பணம் அனுப்பி, நான்கு பக்கத்துக்கு ஒரு கடிதமும் எழுதினார். எந்தப் படியில் இறங்க வேண்டும், எந்தக் கடையைத் தாண்ட வேண்டும், பிளாட்பாரத்தில் யாரையும் கேட்காதே, எந்த ரயிலானாலும் ஏறு, இரண்டு பக்கமும் மேற்குதான். கடிதம் போய்ச் சேர்ந்து, பையன் கிளம்பிக் கொழும்புக்கு வந்தபோது ஜூலை மாதக் கடைசி. மேற்கு பெர்லினுக்கு விசா இல்லாத தமிழர்களை இனிமேல் ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

1985 ஜூலையில் கிழக்கு ஜெர்மனி தமிழர்களுக்கு மட்டும் அந்த வழியை மூடியது. அந்தச் சமயத்தில் இரண்டு ஜெர்மனிகளுக்கும் இடையே ஒரு வியாபாரப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கிழக்கு ஜெர்மனி வட்டியில்லாமல் வாங்கிக்கொள்ளக்கூடிய கடன் தொகையை உயர்த்த வேண்டும். மேற்கு ஜெர்மனிக்கு அகதிகள் வருவது குறைய வேண்டும். கடன் உயர்ந்தது, கதவு மூடியது. மற்ற தேசத்தாருக்கு இன்னும் ஒரு வருஷம் திறந்திருந்தது. 1986 அக்டோபர் 1-ஆம் தேதியோடு அவர்களுக்கும் மூடிவிட்டார்கள். பேச்சு நடத்தியவர்களைக் கொடியவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவரவர் மேஜையில் அவரவருக்கு ஒரு கணக்கு இருந்திருக்கும். அந்தக் கணக்கில் இரண்டு வார வித்தியாசத்தில் ஒரு பையன் விழுந்துவிட்டான், அவ்வளவுதான். ஊருக்குத் திரும்பியவன் 1987-இல் வடமராட்சியில் ஷெல் விழுந்து இறந்துபோனான். அண்ணா இதைச் சொல்லும்போது நாங்கள் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தோம். அவர் நிற்கவும் இல்லை, குரலை மாற்றவும் இல்லை. 1961 ஆகஸ்டில் இதே படிகளில் பெட்டியோடு நின்றவர்களை நினைத்துக்கொண்டு நான் பின்னால் இறங்கினேன்.

1989 நவம்பர் 9-ஆம் தேதி இரவு சுவர் திறந்தது. 1990 ஜூலை 1-ஆம் தேதியோடு சோதனைகள் நின்றன. மறுநாளிலிருந்து மேலே ரயில்கள் கிழக்கும் மேற்கும் நிற்காமல் ஓட ஆரம்பித்தன. பேய் ஸ்டேஷன்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அவற்றில் ஒன்றுக்கு மட்டும் யோகமில்லை. பிரெடரிக் வீதிக்கு அடுத்தாற்போல் தெற்கே இருந்த பிரெஞ்சு வீதி நிலையம் முப்பது வருஷம் ஜனங்களைக் கண்டுவிட்டு, பக்கத்தில் புதிய ஜங்ஷன் கட்டியதால் 2020 டிசம்பரில் மறுபடி மூடப்பட்டது. ரயில் இப்போது அதை நிற்காமல் தாண்டிப் போகிறது. காவலர்கள்தான் இல்லை.

பிரெடரிக் வீதி நிலையத்தையும் தொண்ணூறுகளின் பின்பாதியில் இடித்துத் திருத்திவிட்டார்கள். தடுப்புகள் போயின, சந்து பொந்துகள் போயின. அண்ணா தாம் நடந்த வழியை எனக்குக் காட்டிவிட வேண்டும் என்று ஒரு மணி நேரம் தேடினார். "இஞ்சைதான் ஒரு திருப்பம் இருந்தது" என்பார்; அங்கே ஒரு கண்ணாடிக் கடை இருக்கும். "இதாலை இறங்கினாப் படி வரும்" என்பார். அங்கே லிப்டு இருக்கும். கடைசியில் ஒரு துப்புரவுத் தொழிலாளியிடம் ஜெர்மன் மொழியில் ஏதோ விசாரித்தார். அந்தப் பையனுக்கு இருபது வயதுகூட இராது. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான்.

"போகட்டும், அண்ணா" என்றேன்.

"பிளாட்பாரம் மட்டும் அதேதான்" என்றார் அவர். யூ-பானுக்கு இறங்கினோம். இரண்டு பக்கமும் தண்டவாளம். நான் இயந்திரத்தின் அருகே போய் டிக்கெட் எடுக்கப் பார்த்தேன். அவர் என் கையைத் தள்ளிவிட்டு, சில்லறையை எண்ணிப் போட்டு இரண்டு டிக்கெட் எடுத்தார். பக்கத்திலிருந்த சின்னப் பெட்டியில் ஒவ்வொன்றாகச் செருகி முத்திரை விழுகிறதா என்று கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். அதற்குள் வடக்கே போகிற ரயில் வந்துவிட்டது.

"நாங்கள் போக வேண்டியது தெற்கே அல்லவா?" என்று கேட்டேன்.

"ஓம். ஆனாப் பரவாயில்லை, ஏறுங்கோ" என்றார்.